மூன்றாவதாக நின்றவர்

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் டீச்சரம்மா போன மாதம் ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகிறது. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர். "தம்பி, ஒரு உயில் எழுதச் சொல்லியிருக்கேன். சாட்சிக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். நாளைக்கு முடியும்ல?" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு மதுரைத் திருநகரில் பத்திரம் எழுதுகிற கடைக்குப் போனேன். டீச்சரம்மா பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போயிருந்தார், இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் தாள்களைக் குத்தி என் முன்னால் வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினான். "சார், நீங்க இப்பவே போட்டுட்டுக் கிளம்பலாம். அம்மா வந்து மேல போட்டுக்கிடுவாங்க. எல்லாரும் அப்படித்தான் சார் செய்றாங்க."

கடைசிப் பக்கத்தின் அடியில் 'சாட்சிகள்' என்று போட்டு, 1, 2 என்று எண்ணிட்டு இரண்டு கோடுகள். அதற்கு மேலே டீச்சரம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "இல்ல தம்பி, அவங்க வரட்டும். நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் மனதில் ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தைதான் சுற்றிக்கொண்டிருந்தது. அட்டெஸ்ட்.

என் வயதுக்காரர்களுக்கு இந்த வார்த்தையை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. படித்து முடித்தவுடன் வேலைக்கு முன்னால் வந்து நின்ற வார்த்தை இது. 1991-இல் பிளஸ் டூ முடித்தேன். கல்லூரி விண்ணப்பத்தோடு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி. மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து, கெசட்டட் ஆபீசர் ஒருவரிடம் 'அட்டெஸ்ட்' வாங்கி வைக்க வேண்டும். பச்சை மையில் கையெழுத்து, கீழே பதவி முத்திரை. அப்பா மில்லில் ஷிப்ட் வேலை. கெசட்டட் ஆபீசர் யாரையும் எங்கள் குடும்பத்துக்குத் தெரியாது.

ஓர் அலுவலகத்தில் இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி தாள்களைத் தொடவே இல்லை. "உன்னை எனக்குத் தெரியாதே தம்பி. தெரியாத ஆளுக்கு நான் எப்படிப் போட முடியும்?" என்றார். அசல் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துப் போடுங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். பிறகு யாரோ சொல்லி, ஒரு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போனேன். அவர் அசலை இடது பக்கமும் நகலை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, பதிவெண், பிறந்த தேதி, ஒவ்வொரு மார்க்காக விரல் வைத்து ஒப்பிட்டார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பிறகுதான் பேனாவைத் திறந்தார். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த முதல் அதிகாரிமேல் எனக்கு ரொம்ப வருஷம் கோபம் இருந்தது. விதிப்படி பார்த்தால் இன்றும் அவர் செய்தது தப்புதான். நகலுக்குச் சான்றளிப்பவர் ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அசலும் நகலும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஆனால் இந்த வார்த்தையின் வேரைத் தேடிப் போன பிறகு, அவர் சொன்ன 'தெரியாதே' என்பதில் ஒரு பழைய நியாயத்தின் துண்டு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கிலீஷ்காரர்கள் அட்டெஸ்ட் என்ற வினைச்சொல்லைப் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்கு அது லத்தீன் சொத்து. லத்தீனில் 'அட்டெஸ்தாரி'. முன்னால் இருக்கும் 'அட்' நம்முடைய நான்காம் வேற்றுமை மாதிரி, ஒன்றுக்கு, ஒன்றை நோக்கி என்று பொருள் தரும். 'தெஸ்தாரி' என்றால் சாட்சி சொல்வது. சாட்சி சொல்கிறவர் 'தெஸ்திஸ்'. இதுவரை அகராதியில் யாரும் பார்த்துவிடலாம். தெஸ்திஸ் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் பிரித்தால்தான் விஷயம் இருக்கிறது. அதன் மூத்த வடிவம் 'த்ரி-ஸ்தி-ஸ்' என்பது மொழியறிஞர்களின் முடிவு. த்ரி என்றால் மூன்று. ஸ்தா என்றால் நிற்பது. லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டு துண்டுமே நமக்குப் பழக்கமானவை. திரிசூலத்தில் இருக்கிற அதே திரி, ஸ்தலத்திலும் ஸ்தாபனத்திலும் இருக்கிற அதே ஸ்தா. இருவருக்கு நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கும்போது, பக்கத்தில் மூன்றாவது ஆளாக நின்றவர். சாட்சிக்கு ரோமானியர் வைத்த பெயர் அவ்வளவுதான்.

லத்தீனில் அந்த ரகரம் தேய்ந்து மறைந்துபோனது. ஆனால் பழைய இத்தாலியில் லத்தீனுக்குப் பங்காளி முறையில் ஆஸ்கன் என்றொரு மொழி இருந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் அந்த மொழியில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. விபியுஸ் ஆதிரானுஸ் என்றொருவர் ஊர் அமைப்பு ஒன்றுக்குப் பணம் எழுதி வைத்துவிட்டுப் போன செய்தி அதில் இருக்கிறது. எப்படிக் கொடுத்தார் என்பதற்கு அங்கே வருகிற சொல் 'த்ரிஸ்தாமெந்துத்', அதாவது உயிலின் வழியாக. லத்தீனில் 'தெஸ்தாமெந்தும்' என்று ஆகிவிட்ட அதே சொல் ரகரத்தோடு, மூன்றோடு அப்படியே நிற்கிறது. டீச்சரம்மாவின் உயிலுக்காகக் காத்திருந்த எனக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த மனிதரின் உயில் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று சொல்வதும் இங்கிலீஷில் இந்த டெஸ்டமென்ட் தான். ஆனால் பரீட்சைக்குச் சொல்கிற டெஸ்ட் இந்தக் குடும்பமே இல்லை. அது 'தெஸ்தும்' என்ற மண்பாத்திரத்திலிருந்து வந்தது. உலோகத்தை உருக்கி மாற்றுப் பார்க்கிற பாத்திரம். தெற்காவணி மூல வீதிப் பட்டறைகளில் மூசை என்பார்களே, அந்த வகை. ஓசை ஒன்றாக இருப்பதால் உறவு என்று நினைத்துவிடக் கூடாது.

இதே வார்த்தைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மொழியியல்காரர்கள் ஒரு சொல் எழுத்தில் எங்காவது கிடைத்திருந்தால் அதை 'அட்டெஸ்டட்' என்பார்கள். எங்கும் கிடைக்காமல், ஊகித்து எழுதிய வடிவமாக இருந்தால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இதற்கு சாட்சி இல்லை, நாங்களாகக் கட்டியது என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிற குறி அது. எனக்கு மிகவும் பிடித்த குறி. நம் தமிழுக்குச் சாட்சி எங்கே நிற்கிறது என்று கேட்டால் மேலூர் பக்கம் மாங்குளம் மலைக்குத்தான் கை காட்டுவேன். 1882-இல் ராபர்ட் சீவல் கண்டுபிடித்த தமிழ் பிராமி எழுத்துகள் அங்கே குகைப் பாறையில் இருக்கின்றன. கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். சமண முனிவர் ஒருவருக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி, நெடுஞ்செழியன் பெயரோடு. முதல் தடவை ஏறிப்போய் அதன் கீழே நின்றபோது என்னால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. இருந்தாலும் நின்றுகொண்டே இருந்தேன். அந்தப் பாறை இருப்பதால் அந்தச் சொற்களுக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை.

சரி, ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்போம். செக்கானூரணிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஐயா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் சுற்றுப்பட்டியில் பத்திரம், பாகப் பிரிவினை, புரோநோட்டு எது எழுதினாலும் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வந்துவிடும். "மாமா, ஒரு எட்டு வந்து போட்டுட்டுப் போங்க." காபி வாங்கிக் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஐயா ஒன்றும் வாங்கமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு விதி. எழுதிக் கொடுக்கிறவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தடவை பங்காளி ஒருவர், கைரேகை ஏற்கெனவே வைத்த பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கணவனை இழந்த ஒரு கிழவியின் ரேகை. அரை ஏக்கர் புஞ்சை. ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேகை வச்ச கிழவி எங்கப்பா?" என்றார். "அது முடியாமப் படுத்திருக்குண்ணே." "அப்ப வா, அங்கேயே போவோம்." பங்காளி தாளைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான். பதினோரு வருஷம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அப்பத்தா புலம்பித் தீர்த்தார். "ஒரு கையெழுத்துக்கு உறவ அறுத்துட்டு வந்து உக்காந்திருக்காரு." ஐயா பதில் சொன்னதே இல்லை.

அவர் போட்ட சாட்சிக் கையெழுத்து ஒன்று பிற்பாடு கோர்ட்டுக்குப் போனது. 1985-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் கைபிடித்துக் கூட்டிப் போக என்னை அனுப்பினார்கள். பத்திரத்தில் இருந்த மற்றொரு சாட்சி இறந்துபோயிருந்தார். முன்சீப் கோர்ட் வாசலில் ஐயாவின் பெயரை மூன்று தடவை நீட்டிக் கூப்பிட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல், "பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாதுங்க எசமான்." வக்கீல் ஜட்ஜைத் திரும்பிப் பார்த்தார். ஐயா முடிக்கவில்லை. "அவரு ரேகை வச்சத நான் பாத்தேன். நான் போட்டத அவரு பாத்தாரு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

பல வருஷம் கழித்துச் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் மூன்றாம் பிரிவில் 'அட்டெஸ்டட்' என்றால் என்ன என்று சொல்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் உயிலுக்கும் அதையே சொல்கிறது. இரண்டு சாட்சிகளாவது வேண்டும். எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சி தன் கையெழுத்தை அவர் முன்னிலையில் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கூண்டில் நின்று ஐயா சொன்ன மூன்று வரியும் சட்டத்தின் மூன்று வரிதான். இந்தப் பிரிவுகளை அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

பிறகு நம் சொற்களின் பக்கம் திரும்பினேன்.

சாட்சி என்பது வடசொல். 'ச' என்றால் உடன், 'அட்சி' என்றால் கண். கண்ணோடு இருந்தவர், கண்ணால் கண்டவர். மீனாட்சியிலும் இதே அட்சிதான் இருக்கிறது. மீன் போன்ற கண் உடையவள் மீனாட்சி. மதுரையில் பிறந்து வளர்ந்து, 'மீனாட்சி சாட்சியாச் சொல்றேன்' என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஒரே வாக்கியத்தில் கண் இரண்டு தடவை வருகிறது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. இப்போது சட்டத்தின் பெயரிலேயே அந்தக் கண் வந்துவிட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய சாக்ஷிய அதினியம்.

தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று ஒரு சொல் இருந்தது. இன்று கரி என்றால் அடுப்புக்கரி, இலக்கியம் படித்தவர்களுக்கு யானை. ஆனால் 'இந்திரனே சாலுங் கரி' என்று குறள் சொல்லும்போது, ஐம்புலன்களை அடக்கியவரின் ஆற்றலுக்கு இந்திரனே போதுமான சாட்சி என்று பொருள். அந்த மூன்று சீர்களுக்குள் இன்னொரு சொல்லும் ஒளிந்திருக்கிறது. சாலும் என்றால் போதும், நிறையும், தகும். அந்தச் சால் என்ற வேரிலிருந்து வந்ததுதான் சான்று. சான்றோர், சான்றாண்மை எல்லாம் அதே கொத்து. ரோமானியருக்குச் சாட்சி எங்கே நின்றார் என்பது முக்கியமாக இருந்திருக்கிறது. வடமொழி அவர் கண்டாரா என்று கேட்கிறது. தமிழ் அவர் எப்படிப்பட்ட ஆள், நிறைந்த ஆளா என்று கேட்கிறது. பிளஸ் டூ சான்றிதழ் என்று தினம் சொல்கிறோம், அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதரின் தகுதி உட்கார்ந்திருக்கிறது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் கடைசியில் கையெழுத்திடுகிறவர்கள் 'இப்படி அறிவேன்' என்று எழுதி, 'இவை என் எழுத்து' என்று முடிப்பார்கள். எழுதத் தெரியாதவர் தன் குறி ஒன்றை வைப்பார், அதற்குத் தற்குறி என்று பெயர். பிற்பாடு நாம் அதை வசைச்சொல்லாக்கிவிட்டோம். அந்த 'அறிவேன்' என்ற ஒற்றைச் சொல்தான் என்னை உலுக்கியது. இங்கிலீஷின் சொந்தச் சொல்லான விட்னஸ் என்பதற்கும் வேர்ப்பொருள் அறிவுதான். 1991-இல் அந்த அதிகாரி சொன்ன 'உன்னை எனக்குத் தெரியாதே' இதன் எதிர்மறை. வார்த்தைக்கு அவர் உண்மையாகத்தான் இருந்திருக்கிறார். ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அசலைப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளும் மனம்தான் அவருக்கு இல்லை.

சாட்சி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் இரண்டு வரிகள் இருக்கின்றன, இரண்டிலும் கள்வன் வருகிறான். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. தலைவன் தன்னோடு கூடிய அன்று அங்கே யாருமே இல்லை, அவன்தான் இருந்தான், அந்தக் கள்வன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தவிக்கிறாள் ஒரு பெண். 'யாரும் இல்லை தானே கள்வன்.' ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது என்கிறாள். மூன்றாவதாக ஓர் உயிர் நின்றது, ஆனால் அதன் கண் மீன்மேல் இருந்தது. இதைவிடத் தனிமையான ஒரு சாட்சியை நான் எங்கும் படித்ததில்லை. இரண்டாவது, மதுரையில் நடந்தது. கோவலன் வழக்கில் பாண்டியன் மூன்றாவது ஆளைக் கேட்கவே இல்லை. குற்றம் சாட்டிய பொற்கொல்லனின் சொல்லே சாட்சியாகவும் ஆகிவிட்டது. கண்ணகி சூரியனைப் பார்த்து, 'காய்கதிர்ச் செல்வனே கள்வனோ என் கணவன்' என்று கேட்கிறாள். ஊரில் யாரும் சாட்சிக்கு இல்லாதபோது, தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணைத்தான் கேட்க முடியும். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகு பாண்டியன் சொல்வது, 'யானே கள்வன்'. தானே கள்வன், யானே கள்வன். இரண்டு கூற்றுக்கும் நடுவில் காணாமல் போனவர் ஒரே ஆள், அந்த மூன்றாவது ஆள்.

இந்த ஊரிலேயே சாட்சிக்கு ஒரு மரம் வந்த கதையும் இருக்கிறது. திருவிளையாடல் புராணத்தின் 64-ஆம் படலம், கடைசிப் படலம். மதுரை வணிகன் ஒருவன், இறந்துபோன தாய்மாமனின் மகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. வழியில் திருப்புறம்பயத்தில் பாம்பு கடித்து இறக்கிறான். அந்தப் பெண் அழுத அழுகையைக் கேட்டுத் திருஞானசம்பந்தர் வந்து அவனை எழுப்புகிறார். அங்கேயே மணம் செய்துகொள்ளச் சொல்கிறார். கூட யாரும் இல்லை. வன்னி மரம், கிணறு, சிவலிங்கம், மூன்றும் சாட்சி. மதுரைக்கு வந்து பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு மூத்தாளுக்கும் இளையாளுக்கும் சண்டை. 'உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி? அந்த மரமும் கிணறும் இங்கே வருமா?' என்று மூத்தாள் கேட்கிறாள். இளையாள் கோவிலுக்குப் போய் அழுகிறாள். மூன்றும் வந்து நிற்கின்றன. மீனாட்சி கோவில் சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் அவை இருக்கின்றன. கூட்டம் வேகமாகக் கடந்து போகிற இடம். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். அற்புதம் என்பதைவிட, அந்தப் பெண்ணின் நிலைமைதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. ஊரார் இல்லாத கல்யாணம் என்றால் நம் சமூகம் ஒரு பெண்ணை என்ன கேள்வி கேட்கும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியை விட்டுவிட்டு மதுரையில் சாட்சியைப் பற்றி எழுத முடியாது. சாத்திய கதவு, சந்தனம் பூசிய கதவு. அதற்கு முன்னால் நின்று சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு தங்காது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மனிதச் சாட்சி கிடைக்காதபோது தெய்வத்தை மூன்றாவதாக நிற்க வைக்கிறோம். லத்தீன்காரர்களும் இதையேதான் செய்தார்கள். இன்று இங்கிலீஷில் அடியோடு வெறுப்பதைக் குறிக்கும் டிடெஸ்ட் என்ற வினைச்சொல், தெய்வத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டு ஒருவரைச் சபிப்பது என்ற பொருளில் தொடங்கியது. காலப்போக்கில் தெய்வமும் சாட்சியும் உதிர்ந்துபோய் வெறுப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. புரொட்டஸ்ட் என்பதும் முதலில் எதிர்ப்பு இல்லை, எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பது. கன்டெஸ்ட் என்பது வழக்கின் தொடக்கத்தில் இரண்டு தரப்பும் சாட்சிகளைக் கூப்பிடுவது. இன்று தேர்தலில் நிற்பதற்குச் சொல்கிறோம்.

இப்போது பச்சை மைக் கையெழுத்து அநேகமாக ஒழிந்துவிட்டது. 2014 வாக்கில் மத்திய அரசு, விண்ணப்பதாரர் தாமே சான்றளித்தால் போதும் என்ற முறைக்கு மாறச் சொன்னது. செல்ஃப் அட்டெஸ்ட். என் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்று அழ வேண்டியதில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான், அந்த முறை போனது நல்லது. ஆனால் அந்தப் பெயர் என்னைத் தொந்தரவு செய்கிறது. தனக்குத் தானே மூன்றாவது ஆளாக எப்படி நிற்க முடியும்? உறுதிமொழி என்று சொல்லியிருக்கலாம். 'இது உண்மை, பொய்யென்றால் நானே பொறுப்பு' என்பது கௌரவமான வாக்குதான், அதற்கு சாட்சியின் பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை. இந்தப் பெயர் பழகப் பழக, சாட்சி என்பதே ஒரு கோட்டின்மேல் போடுகிற கிறுக்கல் என்று ஆகிவிடுமோ என்று பயப்படுகிறேன். "நீங்க இப்பவே போட்டுட்டுக் கிளம்பலாம்" என்று சொன்ன பையன் கெட்டவன் இல்லை. என் நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்தான். அந்தக் கோடு ஒரு ஆள் நிற்க வேண்டிய இடம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பதினொன்றே முக்காலுக்கு டீச்சரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். "அய்யோ தம்பி, இவ்வளவு நேரமாவா உக்காந்திருக்கீங்க? போட்டு வச்சுட்டுப் போயிருக்கலாமே."

"நீங்க போடுறத நான் பாக்கணும்ல டீச்சர்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து தாள்களை முதலிலிருந்து படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னார். பையன் புதுத் தாள் எடுத்துக் கொடுத்தான். "படிச்சுப் பாக்குறீங்களா?" என்று என்னிடம் நீட்டினார். "வேண்டாம் டீச்சர், அது உங்க விஷயம்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, ஒரு சுழி கூடச் சுருங்கவில்லை.

பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். நான் ஒன்றாம் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட்டு, அப்பா பெயரையும் கதவு எண்ணையும் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் கண்ணை எடுக்காமல் என் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.